தொண்டை மரத்திருந்தால் செடேஷன் கொஞ்சமே போதும்: விழித்த நிலையில் மூச்சுக்குழாயில் டியூப் போடுவது பற்றி

அனஸ்தீசியா முதுகலை மாணவர் ஒருவரின் கேள்வி இது: "கன்னப் புற்றுநோய் அறுவைக்கு வந்திருக்கும் 50 வயதுக்காரர். பாக்கு, குட்கா பழக்கத்தால் வாய் ஒரு விரல் அளவுதான் திறக்கிறது. விழித்த நிலையில் மூக்கு வழியாக ஃபைபர் ஆப்டிக் ஸ்கோப்பில் (வளையும் மெல்லிய கேமராக் குழாய்) டியூப் போட வேண்டும். இப்படிப்பட்டவர்களுக்கு ஸ்கோப் உள்ளே போனதும் இருமல், தலையாட்டல், கையைப் பிடித்து இழுப்பது எல்லாம் நடக்கிறது. செடேஷனை எவ்வளவு வரை கூட்டலாம்?"

இந்த நோயாளிக்குச் செடேஷனை, அதாவது அரைத்தூக்கம் தரும் மருந்தை, கூட்டாதீர்கள். அவர் இருமுவது விழித்திருப்பதால் அல்ல, தொண்டை இன்னும் மரக்காததால். மரக்காத தொண்டையில் ஸ்கோப் படும்போது செடேஷனை ஏற்றிக்கொண்டே போனால் நாக்கு பின்னால் சரியும், மூச்சு குறையும், ஸ்கோப்பில் தெரிந்துகொண்டிருந்த வழியும் மூடிக்கொள்ளும். அரைத்தூக்கத்தில் இருப்பவர் நீங்கள் சொல்வதைக் கேட்கவும் மாட்டார். வாய் திறக்காத ஒருவருக்கு மூச்சு நின்றுவிட்டால் மாஸ்க்கில் காற்றைத் தள்ள முடியுமா என்பதே சந்தேகம். அந்தச் சந்தேகத்தால்தானே விழித்த நிலையில் போடுவதென்று முடிவெடுத்தீர்கள்? பிரிட்டனில் மூச்சுப்பாதைச் சிக்கல்களை நாடு முழுவதும் தொகுத்து 2011இல் வெளியான நாப்-4 அறிக்கையில் இரண்டு குறைகளுமே பதிவாகியிருக்கின்றன. விழித்த நிலையில் போட்டிருக்க வேண்டியவர்களுக்கு அப்படிச் செய்யவில்லை என்பது ஒன்று. அப்படிச் செய்யப் போன இடத்தில் மிகையான செடேஷனால் காரியம் கெட்டது என்பது மற்றொன்று. சிக்கலான மூச்சுப்பாதைகளைக் கையாள்வதற்கான பிரிட்டன் அமைப்பான டிஃபிகல்ட் ஏர்வே சொசைட்டியின் 2020 வழிகாட்டியும் இதையே சொல்கிறது: மரப்பு போதாமல் இருக்கும் இடத்தை நிரப்பச் செடேஷனைப் பயன்படுத்தக் கூடாது.

ஆகவே நோயாளியின் வசதி மூன்றால் வருகிறது: முறையாக மரக்கவைப்பது, அதற்குத் தேவையான நேரத்தைக் கொடுப்பது, அவரிடம் உண்மையைச் சொல்லிப் பேசிக்கொண்டே இருப்பது. செடேஷன் இவற்றுக்குப் பிறகு சேர்க்கும் சிறு துணை.

முந்தைய நாள் மாலை வார்டுக்குப் போய்ப் பேசுவதிலிருந்து வேலை தொடங்குகிறது. "ஒண்ணுமே தெரியாது, தூங்கிடுவீங்க" என்று சொல்லவே வேண்டாம். மறுநாள் ஸ்கோப்பைக் கையில் எடுத்ததும் அது பொய்யென்று அவருக்குத் தெரிந்துவிடும், அதற்குப் பிறகு நீங்கள் சொல்லும் எதையும் அவர் நம்ப மாட்டார். இப்படிச் சொல்லலாம்: "அய்யா, உங்களுக்கு வாய் திறக்கல. முழுசா மயக்கம் கொடுத்துட்டு டியூப் போடப் போனா மூச்சு தடைப்படலாம். அதனால நீங்களே மூச்சு விட்டுக்கிட்டு இருக்கும்போது, மூக்கையும் தொண்டையையும் மரத்துப்போக வச்சு, மெல்லிசா ஒரு கேமரா வழியா டியூபை வச்சுடுவோம். வச்ச உடனே தூங்க வச்சிடுவோம். மருந்து கசக்கும், மூக்குல கொஞ்சம் எரியும், ரெண்டு தடவை இருமல் வரும். டியூப் உள்ளே போனதும் பேச்சு வராது. ஆனா மூச்சு வரும்." கடைசி இரண்டு வாக்கியங்களைத் தவறாமல் சொல்லுங்கள். குரல் நாண்களைத் தாண்டி டியூப் போனதும் குரல் நின்றுவிடும். முன்பே தெரியாதவருக்கு அது மூச்சே நின்றதுபோலத் தோன்றும், உடனே எழுந்து டியூபைப் பிடுங்கப் பார்ப்பார்.

கைச் சைகையையும் அன்றே முடிவு செய்துவிடுங்கள். வலது கையைத் தூக்கினால் நிறுத்துவோம் என்று சொன்னால் உண்மையிலேயே நிறுத்த வேண்டும். முதல் முறை கை தூக்கும்போது நீங்கள் நிறுத்திவிட்டால் இரண்டாம் முறை அவர் அவ்வளவு சீக்கிரம் தூக்க மாட்டார், கட்டுப்பாடு தன்னிடம் இருக்கிறது என்று தெரிந்துவிடுவதால். கைகளைக் கட்டிவைப்பது இதற்கு நேர் எதிரான பலனையே தரும். ஒரு ஸ்டாஃப் நர்ஸ் கையைப் பிடித்துக்கொண்டு நிற்பது போதும். வேறு மாநிலத்திலிருந்து வந்த தொழிலாளியென்றால் அவர் மொழி பேசும் ஒருவரைத் தியேட்டருக்குள் கூட்டி வாருங்கள். சைகையால் சமாளிக்கலாம் என்று நினைத்தால் பாதி வழியில் மாட்டிக்கொள்வீர்கள்.

அறுவை நாளில் முதல் மருந்து, எச்சிலை வற்றவைக்கும் கிளைக்கோபைரோலேட். 0.2 மி.கி. தசையில் போடுவதென்றால் அரை மணி முதல் ஒரு மணி நேரம் முன்பே, சிரையில் என்றால் 15-20 நிமிடம் முன்பு. பலரும் இதைத் தியேட்டர் மேசையில் கொடுத்துவிட்டு அடுத்த நிமிடமே ஸ்பிரேயைக் கையில் எடுக்கிறார்கள், பயனில்லை. எச்சில் ஊறும் தொண்டையில் மரப்பு மருந்தான லிக்னோகெயின் நீர்த்துப்போகும், சளிச்சவ்வில் ஒட்டாமல் வழிந்து வயிற்றுக்குள் போய்விடும், ஸ்கோப்பின் கண்ணையும் மறைக்கும். "இன்று மருந்து வேலை செய்யவில்லை" என்று சொல்லப்படும் பல இடங்களில் குற்றவாளி எச்சில்தான். வாய் வறளும், நெஞ்சு படபடக்கும் என்பதை நோயாளியிடம் முன்பே சொல்லிவிடுங்கள். மாரடைப்பு வந்தவர், வால்வு இறுக்கம் உள்ளவர் என்றால் இந்த நாடித் துடிப்பு ஆபத்தாகலாம். அவர்களுக்கு அளவைக் குறைப்பதா, விட்டுவிட்டுச் சக்‌ஷனை நம்புவதா என்று யோசித்து முடிவெடுங்கள்.

மூக்கில் எந்தப் பக்கம் காற்று நன்றாகப் போகிறது என்று ஒவ்வொன்றாக மூடி மூச்சு விடச் சொல்லிப் பாருங்கள். நல்ல பக்கத்தைத் தேர்ந்தெடுத்தாலும் இரண்டு பக்கமும் 0.1% சைலோமெட்டாசோலின் சொட்டு விடுங்கள். ஒரு பக்கம் ஒத்துவராவிட்டால் மறுபக்கம் தயாராக இருக்கும். ரத்தக்குழாய்கள் சுருங்க 10 நிமிடமாவது கொடுங்கள். மூக்கில் ரத்தம் கசிந்துவிட்டால் ஸ்கோப்பில் சிவப்பைத் தவிர எதுவும் தெரியாது, நோயாளிக்கும் தொண்டையில் ரத்தம் இறங்கிப் புரையேறும். ரத்தம் உறையாமலிருக்க மருந்து சாப்பிடுபவர், மண்டை ஓட்டின் அடிப்பகுதி முறிந்தவர் போன்றவர்களுக்கு மூக்கு வழியே வேண்டாம்.

இனி மரக்கவைப்பது. எந்த நரம்பு எந்த இடத்துக்கு என்று மனதில் படம் இருந்தால் எங்கே விட்டுப்போயிருக்கிறது என்று உடனே கண்டுபிடிக்கலாம். மூக்கு ட்ரைஜெமினல் நரம்பின் பகுதி. நாக்கின் பின்பகுதி, உள்நாக்குத் தூண்கள், தொண்டையின் பின்சுவர் ஆகியவை குளோசோஃபாரிஞ்சியல் நரம்புக்குரியவை, ஓங்கரிப்பு கிளம்பும் இடமும் இதுதான். எபிகிளாட்டிஸிலிருந்து (குரல்வளை மூடி) குரல் நாண் வரை வேகஸ் நரம்பின் மேல் குரல்வளைக் கிளை, நாணுக்குக் கீழே அதன் திரும்பு கிளை. எனவே ஓங்கரித்தால் தொண்டையில் மருந்து போதவில்லை. குரல் நாணை நெருங்கும்போது இருமினால் மேல் கிளை மரக்கவில்லை. நாணைத் தாண்டியபின் அடக்க முடியாத இருமல் வந்தால் மூச்சுக்குழாய்க்குள் மருந்து போகவில்லை. இருமலைக் கேட்டதும் மிடசோலம் என்ற செடேஷன் மருந்தைத் தேடாமல் இப்படி இடத்தைத் தேடுங்கள்.

மருந்துக் கணக்கை முதலிலேயே தாளில் எழுதிக்கொள்ளுங்கள். உச்சவரம்பு, கொழுப்பு நீங்கலான உடல் எடைக்கு கிலோவுக்கு 9 மி.கி. லிக்னோகெயின். எல்லா வழியிலும் கொடுப்பது சேர்ந்து இதற்குள் இருக்க வேண்டும். புற்றுநோயால் மெலிந்தவருக்கு அந்த எடை 45 கிலோ என்றால் 405 மி.கி. இதில் 10% ஸ்பிரே ஒரு அழுத்தலுக்கு 10 மி.கி., ஆக 15 அழுத்தலுக்கு 150. மூக்கில் 2% ஜெல்லி 3 மி.லி. என்றால் 60. கழுத்து வழியாக மூச்சுக்குழாய்க்குள் 4% மருந்து 2 மி.லி. என்றால் 80. ஸ்கோப் வழியாக 2% மருந்து 2 மி.லி. வீதம் இரண்டு முறை, 80. மொத்தம் 370. மீதி 35 மி.கி. அவசரத்துக்கு. கொப்பளிக்க விஸ்கஸ் (கெட்டியான லிக்னோகெயின் திரவம்) கொடுத்தால் அதன் கணக்கு வேறு: 2% மருந்து 10 மி.லி.யில் 200 மி.கி. இருக்கிறது. அதை விழுங்காமல் துப்பச் சொல்லுங்கள். நெபுலைசரில் பாதி காற்றில் போனாலும் முழுதாகவே கணக்கில் எழுதுங்கள். வயதானவர், கல்லீரல் கெட்டவர், இதயம் பலவீனமானவர் என்றால் வரம்புக்கு வெகு முன்பே நிறுத்திக்கொள்ளுங்கள். பலர் மறக்கும் இன்னொன்று, அறுவை மருத்துவர் கத்தி வைக்கும் முன் அட்ரினலின் கலந்த லிக்னோகெயினைக் கன்னத்திலும் கழுத்திலும் ஏற்றுவார். நீங்கள் எவ்வளவு கொடுத்திருக்கிறீர்கள் என்று அவரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள்.

9 மி.கி. என்ற அளவு விழித்திருக்கும் மனிதர்களிடம் சோதித்துப் பார்க்கப்பட்டதுதான். பிரிட்டனில் நடந்த பயிற்சி வகுப்புகளில் ஆரோக்கியமான 200 அனஸ்தீசியா மருத்துவர்கள், செடேஷனே இல்லாமல் வெறும் மரப்பு மருந்தில், ஒருவர் மாற்றி ஒருவர் ஸ்கோப் போட்டுப் பழகிய அனுபவம் 2008இல் வெளியானது. அதிலேயே சிலருக்கு லிக்னோகெயின் ரத்தத்தில் ஏறியதன் அறிகுறிகள் வந்திருக்கின்றன. மரப்பு ஒன்றை வைத்தே இந்தக் காரியத்தைச் செய்ய முடியும் என்பது அதிலிருந்து தெரிகிறது, வரம்பை மதிக்க வேண்டும் என்பதும்தான்.

மூக்கில் ஜெல்லியை ஊசியில்லாத சிரிஞ்சில் எடுத்து மெதுவாக விட்டு, உறிஞ்சி உள்ளே இழுக்கச் சொல்லுங்கள். பிறகு ஜெல்லி தடவிய மிருதுவான நாசி ஏர்வே (மூக்கில் வைக்கும் குழல்) ஒன்றை வழுக்கிவிட்டுப் பார்க்கலாம். அது நோயாளியின் முகம் சுளிக்காமல் போனால் மூக்கு தயார். சிறியது, பெரியது என்று மூன்று நான்கு ஏர்வேயை வரிசையாக நுழைத்து மூக்கை விரிக்கும் வழக்கம் சில இடங்களில் உண்டு. ஒன்றே போதும் என்பது என் கருத்து, மற்றவை ரத்தம் கசிய வைக்கும் வாய்ப்பைத்தான் கூட்டுகின்றன.

தொண்டைக்கு 10% ஸ்பிரே. ஒரு விரல் திறப்பிலும் அதன் மெல்லிய குழல் நுழையும். இந்த ஸ்பிரேயில் ஆல்கஹால் உண்டு. புற்றுப்புண் உள்ள கன்னத்தில் பட்டால் நெருப்பாக எரியும், பாக்குப் பழக்கத்தால் இறுகிய வாயும் காரத்தையே தாங்காது. ஆகவே குழலைப் புண் இல்லாத பக்கமாக நுழைத்து, நாக்கின் மேல் இரண்டு அழுத்தல் கொடுத்துவிட்டு ஒரு நிமிடம் விடுங்கள். அடுத்து அண்ணத்தின் பின்பகுதி, பிறகு இரண்டு பக்கத் தூண்கள், கடைசியாகத்தான் ஆழம். ஒவ்வொரு அழுத்தலும் மூச்சை உள்ளிழுக்கும் நேரத்தில் விழ வேண்டும், அப்போதுதான் துளிகள் குரல்வளை வரை இறங்கும். எல்லாம் சேர்ந்து ஐந்து நிமிடமாவது ஆகும். ஒரே மூச்சில் பத்து முறை அழுத்தி, குமட்டிக்கொண்டிருப்பவரை மேலும் குமட்ட வைப்பது இந்த வேலையின் மிகக் கொடுமையான தருணம். அது முழுக்க நம் கையில்தான் இருக்கிறது.

வாய் சுத்தமாகத் திறக்காதவருக்கு ஸ்பிரேயை எங்கே அடிப்பது? அங்கே நெபுலைசர் கைகொடுக்கும்: 4% லிக்னோகெயின் 4 மி.லி., 10-15 நிமிடம், மெதுவாக ஆழ்ந்த மூச்சு. நோயாளிக்கு இதில் தொந்தரவே இல்லை, தனியாக இது போதாது என்பதுதான் குறை. மருந்தைச் சாரலாக்கித் தெளிக்கும் மெக்கென்சி முறை சின்ன மருத்துவமனையிலும் செய்யக்கூடியது. 20ஜி கேனுலாவை (சிரையில் போடும் மெல்லிய பிளாஸ்டிக் குழல்) ஒரு மூவழித் திருகோடு இணைத்து, அதை ஆக்சிஜன் குழாயில் மாட்டி, நிமிடத்துக்கு 2-4 லிட்டர் ஓட விட்டு, இன்னொரு வாயில் 4% மருந்தைச் சொட்டுச் சொட்டாகத் தள்ளினால் கேனுலா நுனியிலிருந்து மெல்லிய சாரலாக வரும். மூக்கிலும் வாய் இடுக்கிலும் இதைக் காட்டலாம். விலையுயர்ந்த அட்டமைசர் (தெளிப்பான்) இல்லாத இடத்தில் இந்த இணைப்பு அருமையாக உதவுகிறது.

கழுத்து வழியாக மூச்சுக்குழாய்க்குள் ஊசி போடுவது பற்றி மாணவர்களுக்கு ஒரு பயம் உண்டு. சரியான நோயாளிக்குச் செய்தால், நாணுக்குக் கீழே இதைப்போல மரக்க வைப்பது வேறில்லை. குரல்வளையின் இரண்டு குருத்தெலும்புகளுக்கு இடையே உள்ள கிரிக்கோதைராய்ட் சவ்வின் நடுவில், தோலுக்கு மரப்பு ஊசி போட்டபின், 4% மருந்து 2 மி.லி. எடுத்த சிரிஞ்சை உறிஞ்சிக்கொண்டே செங்குத்தாக நுழைக்கிறோம். குமிழியாகக் காற்று வந்ததும் நிறுத்தி, "இப்போ பலமா இருமல் வரும், வரட்டும்" என்று சொல்லிவிட்டு, வேகமாகச் செலுத்தி ஊசியை உடனே உருவிவிட வேண்டும். அந்த இருமல்தான் மருந்தை மேலும் கீழும் பரப்புகிறது. ஊசியை உள்ளே வைத்திருக்கும்போது இருமினால் பின்சுவர் கிழியும், ஆகவே இரும்பு ஊசிக்குப் பதில் கேனுலாவை வைத்து, ஊசியை எடுத்துவிட்டு, மறுபடி காற்று வருகிறதா என்று உறுதிசெய்து, மருந்தைத் தள்ளுவது பாதுகாப்பு. அந்த இடத்தில் கட்டியோ சீழோ இருந்தால், ரத்தம் உறையாவிட்டால், கழுத்தெலும்பு ஆடுகிறது என்ற சந்தேகம் இருந்தால் வேண்டாம். கதிர்வீச்சு வாங்கி மரக்கட்டையான கழுத்தில் அடையாளமே தெரியாது, அங்கே அல்ட்ராசவுண்ட் வைத்துச் சவ்வைக் கண்டுபிடிக்கலாம். இல்லையேல் ஸ்கோப் வழியாகவே மருந்து தெளித்துக்கொண்டு போகலாம்.

ஸ்கோப் வழியாகத் தெளிப்பதில் சின்னச் சின்ன தவறுகள்தான் காரியத்தைக் கெடுக்கின்றன. ஸ்கோப்பின் வேலைக் குழாய்க்குள்ளேயே ஒன்றிரண்டு மி.லி. தங்கிவிடும். 10 மி.லி. சிரிஞ்சில் 2 மி.லி. மருந்தும் மீதி காற்றும் எடுத்து, சிரிஞ்சை நிமிர்த்திப் பிடித்து, மருந்தும் அதன் பின்னே காற்றும் போகும்படி தள்ளுங்கள். இல்லாவிட்டால் எபிடியூரல் கதீட்டரின் துளையுள்ள நுனியை வெட்டிவிட்டு, ஒரே வாயாக்கி, வேலைக் குழாய் வழியாக நுனி ஒரு செ.மீ. நீட்டிக்கொண்டிருக்கும்படி வையுங்கள். மருந்து சொன்ன இடத்தில் விழும். தெளித்தவுடன் சக்‌ஷன் பொத்தானைத் தொடாதீர்கள், விட்ட மருந்தை நீங்களே உறிஞ்சிவிடுவீர்கள். குரல் நாணுக்கு மேலே ஒருமுறை, நாண் மேல் ஒருமுறை, கழுத்து வழியாக மருந்து போடாதவருக்குத் தாண்டியபின்னும் ஒருமுறை, ஒவ்வொன்றுக்கும் பிறகு ஒரு நிமிடம் பொறுமை. கடிகாரத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். அந்த ஒரு நிமிடம் கையில் ஸ்கோப்பை வைத்திருப்பவருக்கு ஐந்து நிமிடமாகத் தோன்றும், அதனால்தான் எல்லோரும் 20 நொடியிலேயே உள்ளே தள்ளிவிடுகிறார்கள்.

மரத்துவிட்டதா என்று சோதிக்காமல் தொடங்க வேண்டாம். மிருதுவான சக்‌ஷன் கதீட்டரைத் தொண்டைப் பின்சுவரில் தொட்டுப் பாருங்கள், ஓங்கரிப்பு இருக்கக் கூடாது. குரல் கரகரத்துத் தாழ்ந்திருந்தால் குரல்வளைக்கும் மருந்து போயிருக்கிறது என்று அர்த்தம். இந்தக் கட்டத்தில் நோயாளி பெரும்பாலும் ஒன்று சொல்வார்: "எச்சில் முழுங்க முடியல, மூச்சு முட்டுது." காற்று உரசிப் போகும் உணர்வே மரத்துப்போவதால் வருவது அது. "தொண்டை தடிச்ச மாதிரி இருக்கும்யா. அது மருந்து வேலை செய்யுது. எச்சிலைத் துப்பிடுங்க, இல்ல நான் உறிஞ்சி எடுக்கிறேன். ஆக்சிஜன் நல்லா இருக்கு பாருங்க" என்று சொன்னால் பெரும்பாலானவர்கள் அடங்கிவிடுவார்கள். ஆனால் அதைப் பயமென்று தள்ளிவிடுவதற்கு முன் நீங்கள் பார்த்தாக வேண்டியவை உண்டு: உள்ளிழுக்கும்போது சத்தம் வருகிறதா, நெஞ்சும் வயிறும் எதிரெதிராக அசைகின்றனவா, ஒரு வாக்கியம் முழுதாகப் பேச முடிகிறதா. ஏற்கெனவே குறுகிய குரல்வளையில் மரப்பு மருந்தே முழு அடைப்பைக் கொண்டுவரலாம். மூச்சில் கீச்சொலி கேட்கும் நோயாளிக்குக் கழுத்தில் துளையிடத் தயாராக அறுவைக் குழு கையுறை மாட்டி நிற்காமல் எதையும் தொடங்கக் கூடாது. அவர்களுக்குச் செடேஷன் அறவே வேண்டாம்.

ஆக்சிஜன் தொடக்கம் முதல் முடிவு வரை ஓட வேண்டும். சூடாக்கி ஈரமாக்கிய ஆக்சிஜனை மூக்கில் வேகமாகச் செலுத்தும் ஹை ஃப்ளோ கருவி இருந்தால் நிமிடத்துக்கு 30 லிட்டரில் தொடங்கி, பழகியபின் 50, 70 என்று கூட்டுங்கள். ஸ்கோப் அதன் ஓரமாக நுழைந்துவிடும், நோயாளிக்கும் மூச்சு இலகுவாக இருக்கும். இல்லாத இடத்தில் சாதாரண நாசிக் குழாயை மறு மூக்கிலோ வாய் ஓரத்திலோ 4 லிட்டரில் வையுங்கள். நோயாளியை மல்லாக்கப் படுக்க வைக்காதீர்கள். தலைப்பக்கத்தை 45 பாகை உயர்த்தி உட்கார வைத்து, நீங்கள் முகத்துக்கு நேரே நின்று செய்யுங்கள். எச்சிலும் ரத்தமும் பின்னால் இறங்காது, நாக்கு சரியாது. அதைவிடப் பெரிய பயன், உங்கள் கண்ணை அவர் பார்க்க முடியும். தியேட்டர் குளிருக்கு ஒரு போர்வை. சிறுநீர் கழித்துவிட்டு வரச் சொல்லுங்கள், அரை மணி நேரம் அசையாமல் இருக்கப்போகிறவருக்கு இது சின்ன விஷயமல்ல. தியேட்டரில் ஒருவர் மட்டும் பேச வேண்டும். நாலு பேர் நாலு பக்கமிருந்து "அசையாதீங்க", "மூச்சை இழுங்க" என்றால் அவர் யாரைக் கேட்பார்?

செடேஷனுக்கு இப்போது வருவோம். ஒரே மருந்து, அதைக் கவனிக்கத் தனியே இன்னொரு மருத்துவர். ஸ்கோப் பிடிப்பவரே சிரிஞ்சையும் தள்ளக் கூடாது. டெக்ஸ்மெடிடோமிடின் நம் மருத்துவமனைகளில் எளிதாகக் கிடைக்கிறது, இந்த வேலைக்குப் பொருத்தமானதும்கூட. கிலோவுக்கு 0.5 முதல் 1 மைக்ரோகிராம், 10 நிமிடத்தில் மெதுவாக, பிறகு மணிக்குக் கிலோவுக்கு 0.3-0.6. கூப்பிட்டால் கண் திறப்பார், மூச்சு பெரிதாகக் குறையாது. நாடியும் ரத்த அழுத்தமும் இறங்கும், அதைப் பார்த்துக்கொள்ள வேண்டும். வேகமாகத் தள்ளினால் நாடி 40க்குப் போய் எல்லோரும் பதறுவீர்கள். ஓபியாய்டு வகை மருந்தான ரெமிஃபென்டானில் கிடைக்கும் இடங்களில் இலக்குச் செறிவுப் பம்ப்பில் (ரத்தத்தில் குறித்த செறிவு இருக்கும்படி மருந்து செலுத்துவது) மி.லி.க்கு 1 முதல் 3 நானோகிராம் வரை வைக்கிறார்கள். இருமலை அடக்குவதில் அது கெட்டி, ஆனால் மூச்சை மறக்கடிக்கும். இவை இரண்டும் இல்லையென்றால் மிடசோலம் 0.5-1 மி.கி., நினைவை மழுங்கச் செய்ய. ஓபியாய்டு மருந்தான ஃபென்டானில் சேர்ப்பதாக இருந்தால் கிலோவுக்கு அரை மைக்ரோகிராமில் தொடங்குங்கள். இரண்டையும் சேர்க்கும்போது மூச்சு குறைவது ஒன்றும் ஒன்றும் இரண்டாக இல்லாமல் அதற்கு மேலே போகும் என்பதை மறக்க வேண்டாம். இவற்றை முறிக்கும் மருந்துகளான நலோக்சோனும் ஃப்ளூமாசெனிலும் உடைத்து வைக்க வேண்டாம், கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும். இலக்கு இதுதான்: அமைதியாக இருக்க வேண்டும், சொன்னால் ஆழ்ந்து மூச்சிழுக்க வேண்டும். கூப்பிட்டுப் பதில் வராவிட்டால் இலக்கைத் தாண்டிவிட்டீர்கள்.

டியூப் தேர்விலும் நோயாளியின் வசதி அடங்கியிருக்கிறது. 6 அல்லது 6.5 அளவு ஃப்ளெக்ஸோமெட்டாலிக் டியூப் (சுவரில் கம்பிச்சுருள் உள்ள, வளையும் டியூப்), உள்ளும் புறமும் ஜெல்லி தடவி, ஸ்கோப்பில் முன்பே ஏற்றி வையுங்கள். சாதாரண பிவிசி டியூப்தான் இருக்கிறதென்றால் வெந்நீரில் வைத்து மிருதுவாக்குங்கள். ஸ்கோப்புக்கும் டியூபுக்கும் இடையில் வெற்றிடம் எவ்வளவு அதிகமோ அவ்வளவுக்கு டியூபின் உதடு குரல்வளையில் மாட்டும், பெரும்பாலும் குரல் நாணின் பின்னே உள்ள வலது ஆரிட்டினாய்டு குருத்தெலும்பில். மாட்டினால் தள்ளாதீர்கள். நோயாளிக்கு அது வலி, குரல்வளைக்குக் காயம். இரண்டு செ.மீ. பின்னால் இழுத்து, கடிகாரத்துக்கு எதிர்த் திசையில் 90 பாகை திருப்பி, ஆழமாக மூச்சிழுக்கச் சொல்லி, அந்த மூச்சோடு மெல்ல நுழைத்தால் போய்விடும்.

ஸ்கோப்பை நடுக்கோட்டில் வைத்து, வெளி தெரியும் இடத்தை நோக்கி மட்டுமே போங்கள். சிவப்பாக மட்டும் தெரிந்தால் சுவரில் இடித்துக்கொண்டிருக்கிறீர்கள், பின்வாங்குங்கள். வழக்கமாக நாக்கை வெளியே நீட்டச் சொல்வோம். வாய் இறுகியவருக்கு நாக்கும் நீளாது. அவருக்கு ஆழ்ந்த மூச்சும், உதவியாளர் தாடையை மெல்ல முன்னே தூக்குவதும்தான் இடத்தைத் திறக்கும். ஒவ்வொரு அடியையும் செய்யும் முன் சொல்லுங்கள்: "இப்போ மூக்குல அழுத்தம் தெரியும்... இப்போ இருமல் வரலாம்... நல்லா இழுங்க." மூன்று முயற்சிக்கு மேல் தொடர வேண்டாம். நாலாவது ஒன்று இருந்தால் அது உங்களைவிட அனுபவசாலியின் கையில் இருக்கட்டும். தோற்ற ஒவ்வொரு முயற்சியும் வீக்கம், ரத்தம், பயம் மூன்றையும் சேர்க்கிறது.

டியூப் உள்ளே போனதிலிருந்து அவர் தூங்கும் வரை உள்ள இடைவெளிதான் நோயாளிக்கு மிகவும் கடினமானது. பேச முடியாது, தொண்டையில் ஒரு பொருள் நிற்கிறது. அதை நீட்டாமல் இருக்க, தூங்க வைக்கும் மருந்தான புரோப்போஃபால் சிரிஞ்ச் முன்பே சிரைக் குழாயில் மாட்டியிருக்க வேண்டும், வெளிமூச்சின் கார்பன் டை ஆக்சைடைக் காட்டும் கேப்னோகிராஃப் இணைப்பு கையில் இருக்க வேண்டும். ஆனால் அவசரத்தில் இரண்டு சோதனைகளை விட்டுவிடக் கூடாது. டியூபின் நுனியும் அதற்குக் கீழே கரைனாவும் (மூச்சுக்குழாய் இரண்டாகப் பிரியும் இடம்) ஸ்கோப்பில் கண்ணால் தெரிய வேண்டும், கார்பன் டை ஆக்சைடு அலை திரையில் தொடர்ந்து வர வேண்டும். இரண்டும் சரியென்றால்தான் புரோப்போஃபால். இந்தச் சில நொடிகளில் கையைப் பிடித்திருப்பவர் காதருகே சொல்ல வேண்டியது: "டியூப் போயிடுச்சு, மூச்சு நல்லா வருது, இப்போ தூங்கப் போறீங்க." டியூபைச் சுற்றியுள்ள பலூனான கஃப்பை எப்போது ஊதுவது என்பது நோயாளியைப் பொறுத்தது. வயிறு நிறைந்தவர், ரத்தக் கசிவு உள்ளவர் என்றால் உறக்கத்துக்கு முன்பே.

எந்தக் கட்டத்திலும் காதில் ரீங்காரம், வாயில் உலோகச் சுவை, தலைச்சுற்றல், திடீரென்று பிதற்றல் வந்தால் லிக்னோகெயின் ரத்தத்தில் ஏறிவிட்டது என்று எடுத்துக்கொண்டு நிறுத்துங்கள். உதடு மரத்ததை மட்டும் வைத்து முடிவு செய்ய முடியாது, நாமேதான் அதை மரக்க வைத்திருக்கிறோம். வலிப்பு வந்தாலோ இதயத் துடிப்பு தடுமாறினாலோ 20% லிப்பிட் எமல்ஷன் (சிரையில் ஏற்றும் கொழுப்புக் கரைசல்) கிலோவுக்கு 1.5 மி.லி. உடனே. அந்த பாட்டில் தியேட்டரின் எந்த அலமாரியில் இருக்கிறது என்று தொடங்கும் முன்பே பார்த்து வையுங்கள்.

சிறு குழந்தைகள், மனநிலை ஒத்துழைக்காதவர்கள், எவ்வளவு சொல்லியும் மறுப்பவர்கள் ஆகியோருக்கு இந்த வழி இல்லை. மறுப்பவரைப் பிடித்து வைத்துச் செய்வது மருத்துவமாகாது. அவர்களுக்கு வேறு திட்டம் வேண்டும். வாய் ஓரளவு திறப்பவருக்கு, நன்றாக மரக்கவைத்துவிட்டு விழித்த நிலையிலேயே வீடியோ லேரிங்கோஸ்கோப்பில் (வாய் வழியாகக் குரல்வளையைக் காட்டும், கேமரா உள்ள பிளேடு) போடுவதும் ஸ்கோப்புக்குச் சமமான வழிதான். நீங்கள் கேட்ட நோயாளிக்கு அதன் பிளேடே நுழையாது.

அறுவை சீக்கிரம் முடிந்து டியூபை எடுத்துவிட்டால், மரப்பு கொடுத்த நேரத்திலிருந்து இரண்டு மணி நேரமாவது ஆகும் வரை தண்ணீர்கூடக் கொடுக்கக் கூடாது, மரத்த தொண்டையில் புரையேறி நுரையீரலுக்குப் போகும். இதை வார்டு நர்ஸிடமும் உறவினரிடமும் தனித்தனியே சொல்லுங்கள், ஆசையாக ஒரு வாய் காபி ஊற்றுவது உறவினர்தான். மறுநாள் போய் என்ன நினைவிருக்கிறது, எது கஷ்டமாக இருந்தது என்று கேளுங்கள். அவர் சொன்னதையும், எந்த மூக்கு, எந்த அளவு டியூப், எவ்வளவு லிக்னோகெயின், எத்தனையாவது முயற்சி என்பதையும் கேஸ் ஷீட்டில் எழுதி, ஒரு பிரதியை டிஸ்சார்ஜ் தாளோடு இணைத்துக் கொடுங்கள். புற்றுநோய் நோயாளி மறுபடியும் அறுவைக்கு வரக்கூடும், வேறு ஊரில், வேறு மருத்துவரிடம்.